மரம் செதுக்க முதல் மெஷின் எது வாங்கலாம்? கிரைண்டரா, டிரெமலா, தொங்கு மோட்டாரா?

பர்கூர்_மாந்தோப்பு
ஜூன் 9, இரவு 10.14

எல்லாருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் ஊரு, ஓசூர் சிப்காட்ல ஷிப்ட் வேலை. எங்க தோட்டத்துல தாத்தா வச்ச பெங்களூரா மாமரம் நாலு இருந்துச்சு. காய்ப்பும் குறைஞ்சு போச்சு, காய்க்கும் விலை போகல. போன மாசம் அப்பா வெட்டிட்டார். விறகுக்காரர் டன் கணக்குல விலை பேசினப்ப எனக்கு மனசு கேக்கல. ரெண்டு அடிமரத்தை மட்டும் சாமில்லுக்கு எடுத்துட்டுப் போய் 3 அங்குலப் பலகையா அறுத்துக் கொட்டகையில அடுக்கி வச்சிருக்கேன்.

அதுல ரெண்டு வேலை செய்ய ஆசை. ஒண்ணு, பழம் போட்டு வைக்கிற பெரிய கிண்ணம், குறுக்க 10 அங்குலம். இன்னொண்ணு, தருமபுரி அகழ்வைப்பகத்துல நடுகல் பார்த்த நாள்லேர்ந்து மனசுலயே நிக்குது. வில்லோட நிக்கிற வீரன், அந்த மாதிரி ஒரு புடைப்புச் சிற்பம். ரெண்டு அடிக்கு ஒரு அடிப் பலகை போதும்.

உளி பிடிச்சுப் பழக்கம் கிடையாது. கையில 8,000 ரூபாய் ஒதுக்கி வச்சிருக்கேன். வீடியோவுல ஒருத்தர் இரும்பு அறுக்கற கை கிரைண்டர்ல செய்யறார், இன்னொருத்தர் பேனா மாதிரி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுச் செய்யறார். ஒரே மெஷின்ல ரெண்டு வேலையும் நடக்குமா? எதை முதல்ல வாங்கணும்?

பென்னாகரத்தான்
ஜூன் 9, இரவு 10.41

டிரெமல் மாதிரி ரோட்டரி டூல் வாங்குங்க தம்பி. கையில அடங்கும், சத்தம் கம்மி, கூடவே நுனியில மாட்டற சின்ன வெட்டுமுனை, அதாவது பிட், நூறு பெட்டியில வருது. நான் மூணு வருஷமா அதுலதான் சாவிக்கொத்து, பெயர்ப்பலகை எல்லாம் செய்யறேன். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குப் பயமில்லாத மெஷின்.

ஓசூர்_டூல்ரூம்
ஜூன் 10, காலை 6.20

ஷிப்ட் முடிஞ்சு வந்து எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

தம்பி, மெஷின் பேரைப் பார்க்கறதுக்கு முன்னாடி எவ்வளவு மரத்தை எடுக்கப்போறீங்கன்னு பாருங்க. குறுக்க 10 அங்குலம், கனம் 3 அங்குலம்னா அந்தக் கட்டை ஏறக்குறைய 3.8 லிட்டர். கிண்ணமா நிக்கப்போறது ஒரு லிட்டர் இருந்தா அதிகம். மீதி ரெண்டரை லிட்டருக்கு மேல மரம் தூளாவும் சீவலாவும் போயாகணும். ரோட்டரி டூல்ல மாட்டற பிட்டோட தலை 6 மில்லி, 8 மில்லி. அதை வச்சு ரெண்டரை லிட்டர் மரத்தை எடுக்கறது கரண்டியால கிணறு வெட்டற வேலை. பாதியில மோட்டார் கொதிச்சுப் போகும், உங்களுக்கும் வெறுத்துப் போகும்.

அதே சமயம், நடுகல் வீரனோட விரலையும் வில்லோட நாணையும் கிரைண்டர்ல எடுக்க முடியாது. ஆகவே ஒரே மெஷின்ல ரெண்டும் நடக்காது. இதை முதல்லயே ஏத்துக்கிட்டா பணம் மிச்சம்.

பெரிய வேலைக்கு 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் போதும். 600 வாட்டுக்கு மேல இருந்தா சரி. 5 அங்குலம் வேண்டாம், புதுக் கைக்கு அந்தக் கனமும் இழுப்பும் தாங்காது. 4 அங்குலத்துல ஒரு சங்கதியை மட்டும் கவனமாப் பாருங்க, நிறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. நம்ம ஊர்ல கிடைக்கிற 100 மி.மீ. கிரைண்டர்ல டிஸ்க் மாட்டற தண்டு எம்10, அதாவது 10 மி.மீ. மரை. அதுக்கு உள்துளை 16 மி.மீ. உள்ள டிஸ்க் பொருந்தும். வெளிநாட்டுல பேர் வாங்கின செதுக்கு டிஸ்க் பலதுக்கும் உள்துளை 22.23 மி.மீ., அது 115, 125 மி.மீ. கிரைண்டருக்குச் செஞ்சது. விலையைப் பார்த்து ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு, வந்ததும் "துளை பெருசா இருக்கே"ன்னு வாஷரைச் சொருகி மாட்டறவங்களைப் பார்த்திருக்கேன். நிமிஷத்துக்கு 11,000, 12,000 சுத்துல ஓடற டிஸ்க் நடு தப்பி ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. டிஸ்க் மேல அதிகபட்சச் சுத்து அச்சடிச்சிருக்கும். அது உங்க கிரைண்டர் சுத்தைவிட அதிகமா இருக்கணும். அச்சே இல்லாத டிஸ்க்கை வாங்காதீங்க.

டிஸ்க்குல டங்ஸ்டன் கார்பைடு முள்ளு வச்சது ஒண்ணு வாங்குங்க. வட்டத்தட்டு முழுக்க மணல் ஒட்டின மாதிரி கூர் கூரா இருக்கும். கூடவே 40, 60 நம்பர் ஃப்ளாப் டிஸ்க், உப்புத்தாள் துண்டுகளை வட்டமா அடுக்கி ஒட்டினது. இரும்புக்கு விக்கிறதேதான், மரத்துலயும் நல்லா வேலை செய்யும். கிண்ணத்தோட வெளிப்பக்கத்தை ஃப்ளாப் டிஸ்க்குலயே உருட்டிடலாம்.

சுவிட்சையும் பாருங்க. முன்னாடி தள்ளினா மாட்டிக்கிட்டு நிக்கிற சுவிட்ச் விலை குறைவு. அழுத்திப் பிடிச்சா மட்டும் ஓடற சுவிட்ச் கொஞ்சம் கூட. கை நழுவினா ரெண்டாவதுதான் நிக்கும். முடிஞ்சா அதையே வாங்குங்க.

பர்கூர்_மாந்தோப்பு
ஜூன் 10, காலை 9.02

அண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். செயின்சா சங்கிலியை வட்டமாச் சுத்தின மாதிரி ஒரு டிஸ்க் 350 ரூபாய்க்கு வருதே, வீடியோவுல வெண்ணெய் வெட்டற மாதிரி வெட்டுது. அதை வாங்கிக்கலாமா?

அரூர்_ஆசாரி_வீட்டுப்பிள்ளை
ஜூன் 10, காலை 9.15

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

எங்க சித்தப்பா நாற்பது வருஷம் நிலை, கதவு, வாசக்கால்னு செஞ்சவர். மரத்தோட குணம் அவருக்குத் தெரியாததில்ல. அந்தச் சங்கிலி டிஸ்க்கை வாங்கி, காப்பு உறை இடிக்குதுன்னு கழட்டிட்டு, வாகைக் கட்டையில வச்சார். உள்ள ஒரு கணு. பல்லு கணுவுல மாட்டின அடுத்த நொடி கிரைண்டர் எகிறித் தொடையில விழுந்துச்சு. பதினேழு தையல். வேட்டி கட்டியிருந்தார், துணியும் உள்ள சுத்திக்கிச்சு. இப்பவும் குந்தி உட்கார முடியாது.

முள்ளு டிஸ்க் மரத்தை அரிக்கும். சங்கிலி டிஸ்க் மரத்தைக் கவ்வும். கவ்வற சாமான் எப்ப வேணாலும் திருப்பி அடிக்கும். 350 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்ல தம்பி.

ஓசூர்_டூல்ரூம்
ஜூன் 10, மதியம் 1.30

ஆசாரி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. இன்னொண்ணு, கையுறை. துணிக் கையுறையோட சுத்தற மெஷின் கிட்டப் போகாதீங்க. நூல் ஒண்ணு மாட்டினா விரலையே இழுத்துடும். தொளதொள சட்டை, கழுத்துல துண்டு, கையில கயிறு எதுவும் கூடாது. பக்கக் கைப்பிடியைக் கழட்டவே கூடாது, எப்பவும் ரெண்டு கை.

காரிமங்கலம்_நகைவேலை
ஜூன் 10, இரவு 8.48

நான் தங்க வேலைக்காரன். மரம் செதுக்கறது ராத்திரி நேரத்துல மன நிம்மதிக்கு. நடுகல் வேலைக்கு என்ன வாங்கணும்னு யாரும் இன்னும் சொல்லலையேன்னு எழுதறேன்.

எங்க பட்டறையில தொங்கு மோட்டார்னு ஒண்ணு உண்டு. ஹேங்கிங் மோட்டார்னு கேட்டாலும் கொடுப்பாங்க. மோட்டாரைத் தலைக்கு மேல ஆணியிலயோ கொக்கியிலயோ மாட்டிடணும். அதுலேர்ந்து கறுப்பு உறைக்குள்ள ஒரு கம்பிச் சுருள் கீழ இறங்கி வரும், நுனியில விரல் தடிப்புக்குக் கைப்பிடி. கால்ல பெடல். மெதுவா மிதிச்சா மெதுவாச் சுத்தும், அழுத்தினா வேகம். மோட்டாரோட கனமும் சூடும் கையில இல்லாததால மூணு மணி நேரம் பிடிச்சாலும் மணிக்கட்டு வலிக்காது. ரோட்டரி டூல்ல மோட்டாரே கைக்குள்ள இருக்கு, அரை மணியில கை மரத்துப் போகும். இன்னொரு முக்கியமான வித்தியாசம், குறைஞ்ச வேகத்துலயும் தொங்கு மோட்டாருக்கு இழுவை இருக்கும். ரோட்டரி டூல் 30,000 சுத்துக்கு மேல போகும், ஆனா வேகத்தைக் குறைச்சா வலுவும் போயிடும், அழுத்தினா நின்னுடும்.

அமெரிக்காவுல ஃபோர்டம்னு ஒரு கம்பெனி 1922லேர்ந்து இந்த வகையைச் செய்யறாங்க. மரச் சிற்பிங்க விரும்பி வாங்கறது, ஆனா இங்க வந்து சேரும்போது விலை எட்டாது. நகைத்தொழில் சாமான் விக்கிற கடையில நம்ம நாட்டுத் தயாரிப்பு கிடைக்கும். நான் போன வருஷம் சேலத்துல 3,400க்கு வாங்கினேன். தினம் ஓடுது. மோட்டாருக்குள்ள தேயற கார்பன் பிரஷ்ஷை ஒரு தடவை மாத்தினேன், அவ்வளவுதான்.

பிட் வாங்கும்போது தண்டு அளவைச் சொல்லிக் கேளுங்க. பல் டாக்டர் லேபுலயும் நகைப் பட்டறையிலயும் புழங்கற பிட்டுக்குத் தண்டு 2.35 மி.மீ. மரவேலைக்குன்னு வர்ற சின்ன பிட்டு 3 மி.மீ. இல்ல 3.2 மி.மீ. சாவி போட்டு இறுக்கற சக் உள்ள கைப்பிடியா வாங்கினா இது எல்லாமே பிடிக்கும். காலெட், அதாவது ஒரே அளவுத் தண்டை மட்டும் கவ்வற பிளவு வளையம், உள்ள கைப்பிடின்னா அளவுக்கு அளவு காலெட் வேணும். 3.2 காலெட்டுல 3 மில்லித் தண்டைப் போட்டா பிடிச்ச மாதிரி தெரியும், ஓட்டத்துல நழுவும்.

கம்பிச் சுருளை மட்டும் குறுகலா மடக்காதீங்க. ஒரு சாப்பாட்டுத் தட்டோட வளைவுக்குக் கீழ மடக்கினா உள்ள உராய்ஞ்சு சூடாகும், பிறகு ஒரு நாள் பட்டுனு அறுந்துடும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் உருவித் துடைச்சு மெல்லிசாக் கிரீஸ் தடவி மாட்டணும். நிறையத் தடவினா அது கைப்பிடி வழியா ஒழுகிச் சிற்பத்துல கறையாகிடும்.

பென்னாகரத்தான்
ஜூன் 10, இரவு 9.30

டிரெமலை ஒரேயடியாத் தள்ளிட்டீங்களே. அது 1932லேர்ந்து இருக்கிற கம்பெனி, 1993லேர்ந்து பாஷ் கையில இருக்கு. சும்மாவா ஊர் ஊருக்கு விக்குது?

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், நான் செய்யறது எல்லாம் உள்ளங்கை அளவுதான். அதோட அந்த நூறு பிட்டுப் பெட்டியில மரத்துக்குன்னு நான் இன்னிக்கு வரைக்கும் தொட்டது ஏழு எட்டு இருக்கும். மீதி கல்லு, கண்ணாடி வெட்டற சக்கரம், பாலீஷ் பஞ்சு. பெட்டியைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம், பிட்டைத் தனியா வாங்குங்க.

காரிமங்கலம்_நகைவேலை
ஜூன் 10, இரவு 9.52

தள்ளலைங்க. சாவிக்கொத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் அது அருமையான சாமான். தம்பி கேட்ட வேலை ரெண்டு அடிப் பலகை, அதனாலதான் சொன்னேன்.

நீங்க பிட்டுப் பத்திச் சொன்னது ரொம்ப முக்கியம். வைர பிட்டு மரத்தைத் தள்ளாது, தேய்க்கும். தூள் அடைச்சுக்கிட்டுக் கருக்கிடும். மரத்துக்கு கார்பைடு பிட்டுத்தான்: ஒரு உருண்டைத் தலை, ஒரு தீச்சுடர் மாதிரி கூம்பினது, ஒரு உருளை. மூணு போதும் ஆரம்பத்துக்கு. நல்லதா மூணு.

ஓசூர்_டூல்ரூம்
ஜூன் 11, காலை 6.45

அதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஓசூர்ல டூல் கடைங்கள்ல 6 மில்லித் தண்டு உள்ள ரோட்டரி பர் நிறையக் கிடைக்கும், இரும்புப் பிசிர் எடுக்க. குறுக்கும் நெடுக்கும் வெட்டு உள்ளது இரும்புக்கு, மரத்துல வச்சா ஒரு நிமிஷத்துல அடைச்சுக்கும். அலுமினியத்துக்குன்னு கேட்டு வாங்குங்க, பல்லுக்குப் பல்லு இடைவெளி அகலமா இருக்கும், மரத்தூள் வெளிய வரும். அடைச்சா பித்தளைக் கம்பி பிரஷ்ஷால தேய்ங்க. ஆனா 6 மில்லித் தண்டை தொங்கு மோட்டாரோட சின்னக் கைப்பிடி ஏத்துக்காது, பெரிய கைப்பிடி வேணும். தண்டை முழுசா உள்ள தள்ளி இறுக்குங்க. நீளமா வெளிய விட்டு வேகமா ஓட்டினா தண்டு வளைஞ்சு சாட்டை மாதிரி வீசும். தலை எவ்வளவு பெருசோ அவ்வளவு வேகத்தைக் குறைங்க.

தேன்கனிக்கோட்டை_டீச்சர்
ஜூன் 11, மாலை 5.10

நானும் கொஞ்சம் சொல்லலாமா? என்கிட்ட இருக்கறது மைக்ரோ மோட்டார். பல் லேபுல இருக்குமே, மேஜை மேல ஒரு டப்பா, அதுலேர்ந்து ஒயர், நுனியில தடிச்ச பேனா. 35,000 சுத்து. அதிர்வே தெரியாது, சத்தமும் கொசு ரீங்காரம் அளவுதான். வாடகை வீட்டு மாடியில பிள்ளைங்க தூங்கினதுக்கப்புறம் செய்யறேன், பக்கத்து வீட்டுல ஒருநாளும் குறை சொன்னதில்ல. கண்ணிமை, மயிர், இறகு, எழுத்து, இதுக்கெல்லாம் இதுக்கு இணை இல்ல. ஆனா அழுத்தி மரத்தை எடுக்கப் பார்த்தீங்கன்னா கைப்பிடி சூடாகி எரிஞ்சு போகும். ஒரு தடவை கீழ விழுந்தா பேரிங் போச்சு. தம்பிக்கு முதல் மெஷினா இது வேண்டாம், மூணாவதா வாங்கலாம்.

நான் செதுக்கறது வெட்பாலை. சென்னபட்டணத்துப் பொம்மைக்குப் பயன்படுத்தற அதே மரம், கன்னடத்துல ஆலெ மரம்னு சொல்வாங்க. வெள்ளையா, தந்தம் மாதிரி, நார் தெரியாம இருக்கும். எந்தப் பக்கம் செதுக்கினாலும் பிசிறாது. பட்டா நிலத்துல வெட்டினதுன்னு தெரிஞ்சு வாங்குங்க, காப்புக்காட்டுல கை வைக்கக் கூடாது.

ஆனா நான் எழுத வந்ததே தூசியைப் பத்தித்தான். இத்தனை பேர் எழுதியும் யாரும் சொல்லல. உளியில வர்றது சீவல், கீழ விழும். மெஷின்ல வர்றது மாவு, காத்துல நிக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே மரத்தூளை மனுஷருக்குப் புற்றுநோய் தர்ற பொருள்களோட முதல் பிரிவுல சேர்த்தாச்சு. மூக்குக்குள்ளயும் அதைச் சுத்தின எலும்புக் குழியிலயும் வர்ற புற்றுநோய். கைக்குட்டை கட்டறது, துணி மாஸ்க் போடறது எதுவும் இதுக்குப் பத்தாது. என்95 இல்லன்னா எஃப்எஃப்பி2, மூக்கு ஓரமா இடைவெளி இல்லாம அழுத்திப் போடணும். முதல் வருஷம் நான் போடல. வேப்பங்கட்டை செதுக்கின ரெண்டு வாரம் ராத்திரி முழுக்க இருமல், குரலே எழும்பல, வகுப்புல பாடம் நடத்த முடியாம கரும்பலகையில எழுதி எழுதிக் காமிச்சேன். மாமரம் சிலருக்குத் தோல்ல அரிக்கும், மாம்பால் பட்டாலே கொப்பளிக்கிறவங்க கூடுதல் கவனமா இருங்க.

மெஷினுக்கு 8,000 வச்சிருக்கீங்க தம்பி. அதுல முதல் 500 மாஸ்க்குக்கும் முகத்தட்டுக்கும் போகட்டும்.

பர்கூர்_மாந்தோப்பு
ஜூன் 11, இரவு 11.05

டீச்சர், கண்டிப்பா. எனக்கு மாம்பால் பட்டா உதட்டோரம் வெந்துபோகும், சின்ன வயசுலேர்ந்தே. நல்லவேளை சொன்னீங்க.

அரூர்_ஆசாரி_வீட்டுப்பிள்ளை
ஜூன் 12, காலை 7.30

தம்பி, ஒரு விஷயம் கேக்கறேன். பலகை எப்ப அறுத்தது? போன மாசம்னா அது பச்சை மரம். காத்துல காய ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம்னு எங்க பக்கம் கணக்கு. 3 அங்குலப் பலகை இப்போதைக்குக் காயாது. முதல்ல பலகையோட ரெண்டு வெட்டு முகத்துலயும் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசுங்க, இன்னிக்கே. ஈரம் அந்த முகம் வழியாத்தான் வேகமா ஓடும், அங்கதான் பிளக்கும். பலகைக்கு நடுவுல குச்சி வச்சு அடுக்குங்க, நிழல்ல.

கிண்ணத்தைப் பச்சையிலயே செய்யலாம், அது இன்னும் சுலபம். ஆனா முழுசா முடிக்காதீங்க. சுவர் ஒரு அங்குலக் கனத்துக்கு விட்டுட்டு நிறுத்துங்க. குறுக்களவுல பத்துல ஒரு பங்கு, அதுதான் கணக்கு. அதைச் செய்தித்தாள்ல சுத்தி, அதோட சீவலையே போட்டு மூடிப் பெட்டியில வச்சிடுங்க. வாரம் ஒருதரம் தராசுல வச்சு எடையைக் குறிங்க. எடை குறையறது நின்னா காய்ஞ்சிடுச்சு. வட்டம் கோணி முட்டை மாதிரி ஆகியிருக்கும், அந்த ஒரு அங்குலத்துல சரி பண்ணிக்கலாம்.

நடுகல்லுக்கு அந்தப் பலகையைத் தொடாதீங்க. மர டிப்போவுல காய்ஞ்ச ஒண்ணரை அங்குலப் பலகை வாங்கிக்கோங்க. தம்மம்பட்டி சிற்பக்காரங்க தூங்குவாகையில செய்வாங்க, விலையும் கட்டுப்படி, செதுக்கவும் ஒத்துழைக்கும். புளியங்கட்டை நம்ம ஊர்ல எங்கயும் கிடைக்குதேன்னு எடுத்துடாதீங்க. வைரம் பாய்ஞ்சிருந்தா எந்த பிட்டும் மழுங்கிப் போகும்.

அப்புறம் மாமரத்துல வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்கும். பலகை மேல மாவு மாதிரி கொட்டிக் கிடந்தா உடனே போராக்ஸும் போரிக் ஆசிடும் வெந்நீர்ல கரைச்சு ரெண்டு தடவை பூசுங்க.

கடைசியா ஒண்ணு. மெஷின் வாங்கறதோட கூட ரெண்டு உளி வாங்குங்க, ஒண்ணு தட்டை, ஒண்ணு வளைவு. மெஷினுக்கு நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிய வேண்டியதில்ல, எப்படியும் அரிச்சிட்டுப் போகும். அதனால செதுக்கறவனுக்கும் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும். ஒரு துண்டுக் கட்டையில உளியை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்க, வழுக்கிட்டுப் போகும். திருப்பித் தள்ளுங்க, பிச்சுக்கிட்டு வரும். அந்தப் பாடம் பத்து நிமிஷம்தான்.

உளி மேல ஆசை வந்துட்டா, உளியையே முன்னும் பின்னும் ஆட்டற மின் உளின்னு ஒரு மெஷினும் உண்டு. மரத்துல அழுத்தினா மட்டும்தான் வேலை செய்யும், விட்டா நின்னுடும். தூசி வராது, சீவல்தான் வரும். எனக்குத் தெரிஞ்சு மெஷின்லயே மரத்துக்கு மரியாதை கொடுக்கறது அது ஒண்ணுதான். ஆனா நல்லது உங்க பட்ஜெட்டைத் தாண்டும்.

கிருஷ்ணகிரி_பழையபேட்டை
ஜூன் 12, இரவு 7.55

ரொம்ப நாளாப் படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னிக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். சுவிட்ச் பத்தி டூல்ரூம் அண்ணன் சொன்னாரே, அதை யாரும் லேசா எடுத்துக்காதீங்க.

எங்க வீட்டுல கரன்ட் அடிக்கடி போகும். கிரைண்டர்ல வேலை செஞ்சிட்டு இருந்தேன், கரன்ட் போச்சு. கிரைண்டரைத் தரையில வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். தள்ளு சுவிட்ச், ஆன்லயே நின்னுருக்கு. பத்து நிமிஷம் கழிச்சுக் கரன்ட் வந்துச்சு. நாலு வயசுப் பையன் கொட்டகை வாசல்ல விளையாடிட்டு இருந்தான். கிரைண்டர் தானா எழும்பித் தரையில உருண்டு சுவத்துல மோதி, ஒயரைத் தானே அறுத்துக்கிட்டு நின்னுச்சு. பையனுக்கும் அதுக்கும் ரெண்டு அடி இடைவெளி. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

கரன்ட் போனா சுவிட்சை அணைக்கறதோட விடாதீங்க, பிளக்கையே பிடுங்குங்க. டிஸ்க் மாத்தும்போதும் அப்படித்தான். கரன்ட் திரும்பி வந்தாலும் தானா ஓடாத மாடலும் இருக்கு, கேட்டு வாங்கலாம்.

இன்னொண்ணு, வேகத்தைக் குறைக்கணும்னு ஃபேன் ரெகுலேட்டர்ல கிரைண்டரை மாட்டாதீங்க. அது நூறு வாட்டுக்குக் கீழ உள்ள ஃபேனுக்குச் செஞ்சது, தீப்பிடிக்கும்.

பர்கூர்_மாந்தோப்பு
ஜூன் 22, இரவு 9.20

வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுல பாதிக் கடை மூடியிருக்கும்னு லீவு போட்டு சனிக்கிழமை போனேன். 4 அங்குல கிரைண்டர், அழுத்திப் பிடிக்கிற சுவிட்ச், 2,600. 16 மி.மீ. துளை கார்பைடு டிஸ்க் 900, ஃப்ளாப் டிஸ்க் ரெண்டு 160. தொங்கு மோட்டார் பேசி 3,400. கார்பைடு பிட்டு மூணு 600. முகத்தட்டு 250, மாஸ்க் பத்து 300. மொத்தம் 8,210. உளி ரெண்டும் அப்பா வாங்கித் தந்தார்.

சாயங்காலமே மோட்டாரை உத்தரத்துல கொக்கி போட்டு மாட்டிட்டேன். பலகை முகத்துல பெயின்ட் அடிச்சது ஆசாரி அண்ணன் சொன்ன அன்னிக்கே.

காரிமங்கலம்_நகைவேலை
ஜூன் 22, இரவு 9.41

முதல் நாள் சிற்பத்துல கை வைக்காதீங்க. துண்டுக் கட்டையில வெறும் கோடு போடுங்க, நேர்கோடு, வளைவு, வட்டம். கால் பெடலும் கையும் ஒண்ணா பேசப் பழகணும்.

பர்கூர்_மாந்தோப்பு
ஆகஸ்ட் 3, காலை 10.30

ஒன்றரை மாசம் ஆச்சு, சொல்ல நிறைய இருக்கு.

கிண்ணம் முதல் நாளே பாதி வந்துடுச்சு. கட்டையை ஒரு பழைய பலகை மேல வச்சு, அடியிலேர்ந்து நாலு ஸ்க்ரூ போட்டு, பலகையை மேஜையில கிளாம்ப் பண்ணிட்டேன். அப்பத்தான் ரெண்டு கையும் கிரைண்டர்ல இருந்துச்சு. கார்பைடு டிஸ்க்கை அழுத்தாம, சோத்துப் பானை அடியைத் துடைக்கிற மாதிரி நடுவுலேர்ந்து வெளிய இழுத்துட்டே வந்தேன். பச்சை மரம்கறதால தூசி பறக்கல, ஈரச் சீவலாக் கொட்டகை முழுக்க மாங்கா வாசனை. விளிம்புக்குப் பக்கத்துல வரும்போது ஒரு தடவை டிஸ்க் ஓரம் மரத்தோட விளிம்புல இடிச்சு, கை ஒரு சாண் தூக்கிப் போட்டுச்சு. சுவிட்சை விட்டதும் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் விளிம்புகிட்ட மட்டும் ஃப்ளாப் டிஸ்க்.

ஒரு அங்குலச் சுவரோட நிறுத்திட்டேன். முதல் வாரம் 1,480 கிராம், இப்ப 905. போன வாரம் 911 இருந்துச்சு. ஒரு ஓரத்துல நூல் அளவு வெடிப்பு இருக்கு, பட்டை பக்கம்.

நடுகல்லுக்குத் தூங்குவாகை வாங்கினேன், காவேரிப்பட்டணத்துல ஒரு டிப்போவுல. வீரனோட உடம்பு, வில்லு, கால் எல்லாம் தொங்கு மோட்டார்ல எடுத்தாச்சு. பின்னணியை ஒரே ஆழத்துல இறக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. பென்சில்ல 10 மில்லிக்கு ஒரு குறி போட்டு, முதல்ல குழி குழியா அந்த ஆழத்துக்கு இறக்கி, அப்புறம் குழிகளைச் சேர்த்தேன். டூல்ரூம் அண்ணா சொன்ன மாதிரி உருளைத் தலையை மெதுவா ஓட்டினா கருக்கல.

முகத்துல மாட்டிக்கிட்டேன். மூக்கும் கண்ணும் உருண்டை பிட்டுல எடுக்கறேன், ஆனா எல்லாமே உருகின மெழுகு மாதிரி மழமழன்னு இருக்கு. கல்லுல பார்த்தது அப்படி இல்ல. ஓரம் ஓரமா வெட்டு தெரியுது அதுல. சின்ன பிட்டு வாங்கணுமா? டீச்சர் வச்சிருக்கற மைக்ரோ மோட்டாரா?

தேன்கனிக்கோட்டை_டீச்சர்
ஆகஸ்ட் 3, காலை 11.15

முகம் உள்ளங்கை அளவு இருக்கும்ல? அதுக்கு மைக்ரோ மோட்டார் வேண்டாம். உருண்டைத் தலை எங்க போனாலும் குழிவாத்தான் விடும். கூர் வேணும்னா தீச்சுடர் பிட்டோட நுனியால புருவத்துக்கு அடியில ஒரே ஒரு கோடு இழுத்துப் பாருங்க.

அரூர்_ஆசாரி_வீட்டுப்பிள்ளை
ஆகஸ்ட் 3, மதியம் 12.40

மோட்டாரை அணைச்சுடுங்க தம்பி. அந்த முகத்துக்கு அப்பா வாங்கித் தந்த தட்டை உளிதான். கண்ணுக்கு மேல இருந்து கீழ ஒரு வெட்டு, கீழ இருந்து மேல ஒரு வெட்டு, ரெண்டும் சேர்ற இடத்துல சின்னச் சில்லு தானா கழண்டு வரும். அதுதான் நீங்க கல்லுல பார்த்த ஓரம். மூக்குக்கு ரெண்டு பக்கமும் அதேதான். உளி கூர் இல்லன்னா நசுங்கும், அதனால முதல்ல தீட்டணும். முன்கையில மயிர் மழிச்சாத்தான் கூர்.

தீட்டத் தெரியலன்னா சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஓசூர்ல ஒரு வாசக்கால் வேலைக்கு வர்றேன், சாணைக்கல் கையில இருக்கும். உங்க ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியுது?

பர்கூர்_மாந்தோப்பு
ஆகஸ்ட் 3, மதியம் 12.52

ரெண்டரைக்கு முடியும் அண்ணா. பலகையையும் எடுத்துட்டு வந்துடறேன்.